புதிதாகச் சேர்ந்த செவிலியரை மூத்த செவிலியர் எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தினால் வேலையை விடுவதா, புகார் கொடுப்பதா?

நீங்கள் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், உங்கள் அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்திடம் இருக்கின்றன என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2017-இல் என் நிலைமையும் அதுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது நெறி. என் பொறுப்பில் மூன்று படுக்கைகள் இருந்தன. ஒருநாள் காலை ஏழரை மணிக்கு ஷிப்ட் முடிந்து அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் கொடுக்கும்போது, ஒரு மணி நேரத்துச் சிறுநீர் அளவு சார்ட்டில் விடுபட்டிருந்ததைக் கண்ட இன்சார்ஜ் சிஸ்டர், நோயாளியின் மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "உனக்கெல்லாம் யார் சர்டிபிகேட் கொடுத்தது?" என்று கேட்டு, அந்த அட்டையைக் கட்டிலின் கால்மாட்டில் எறிந்தார். அந்த ஒரு மணி நேரமும் நான் பக்கத்துப் படுக்கையில் இதயம் நின்ற நோயாளிக்கு நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வாய் திறந்தேன். அதுவே எதிர்த்துப் பேசிய குற்றமாகி, அடுத்த மாத டியூட்டி லிஸ்டில் பதினெட்டு நைட் விழுந்தது.

கண்டிப்பைக் கொடுமை என்று திரிப்பதாகச் சிலர் சொல்லக்கூடும். உயிர் காக்கும் இடத்தில் கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கண்டிப்பவர் சரியான முறையைச் சொல்லிக்கொடுப்பார். அந்த இன்சார்ஜ் சிஸ்டர் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்று முதல் தேதி, நேரம், படுக்கை எண், உடனிருந்தவர், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி வந்தேன். நோயாளியின் பெயரை எழுதவில்லை, கேஸ் ஷீட்டைப் படம் எடுக்கவும் இல்லை; நீங்களும் அதைச் செய்யாதீர்கள், பழி உங்கள்மேல் திரும்பிவிடும். பிறகு ஒருமுறை, ஆன்டிபயாடிக் ஊசியை நான் போடவில்லை என்று அவர் நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கூறியபோது, என் நோட்டையும் மருந்துப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அந்த அம்மையார் டியூட்டி லிஸ்டைத் திருத்தினார். மன்னிப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் செல்லலாம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இத்தகைய பொதுவான அவமதிப்புக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததால் எழுத்துப் பதிவுதான் துணை. சிறிய மருத்துவமனையானாலும் செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசின் நிபுணர் குழு பரிந்துரைத்திருந்தும், நான் வாங்கியது 9,500. கையில் சேமிப்பில்லாத பெண் வேலையை விட மாட்டாள் என்பது அவமதிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே முதலில் சூப்பரின்டென்டென்டுக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். விடுவதே முடிவென்றால், அசல் சான்றிதழ்கள் கைக்கு வந்த பிறகு விடுங்கள்.