கட்டையின் வளைவு ஊர் சொல்லும்: பென்சில்வேனிய நெடுந்துப்பாக்கிகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் கையாலேயே செய்த, சிக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் ரைஃபிள்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு வரலாற்று ஆசிரியர்): பென்சில்வேனியாவில் பிறந்ததற்குக் கென்டக்கி ரைஃபிள் என்று ஏன் பெயர்?

மேற்கே கென்டக்கிக் காடுகளுக்குப் போன வேட்டைக்காரர்கள் கையில் அது இருந்ததால். 1815 நியூ ஆர்லியன்ஸ் போருக்குப் பின் அந்த வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து வந்த பாட்டு ஒன்று நாடெங்கும் பரவி, பெயரை நிலைநிறுத்திவிட்டது. செய்த கைகளுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் பென்சில்வேனியா என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி (அதே ஆசிரியர்): ஆள் உயரம் இருக்கிறதே, எதற்கு அவ்வளவு நீளம்?

ஜெர்மனியிலிருந்து வந்த யேகர் ரைஃபிளின் குழல் 30 அங்குலம் அளவுதான். வாய் அகலம், குண்டு பெரிது. இங்கே குழல் 42 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தது, வாய் சுருங்கியது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடினால் குறி பிசகுவது குறையும். ஈயமும் மிச்சம். 0.60 அங்குல வாய்க்கு ஒரு பவுண்டு ஈயத்தில் இருபது குண்டுகள் வார்க்கலாம், 0.45 என்றால் ஐம்பதுக்கு மேல். மாதக்கணக்கில் காட்டில் திரிபவனுக்கு இது பெரிய விஷயம்.

கேள்வி (அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்த ஒருவர்): எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் முதலில் பித்தளை வேலைப்பாட்டைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். பக்கவாட்டில் நின்று, தோளில் பதியும் கட்டையின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் மட்டும் பாருங்கள். பென்சில்வேனியாவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறும். லான்காஸ்டர் என்றால் இரண்டும் கோடு போட்டதுபோல் நேராக ஓடி, கட்டை நீண்ட முக்கோணமாகத் தெரியும். லீஹை பள்ளத்தாக்கில் மேல்விளிம்பு கழுகு மூக்குபோல் வளைந்து இறங்கும், கைப்பிடி மெலிந்திருக்கும். கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தால் லீஹை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். பெட்ஃபோர்ட் துப்பாக்கியோ கொடிபோல் ஒல்லி. தீப்பொறி எழுப்பும் விசையைத் தாங்கும் தகடுகூடக் குறுகி நீண்டிருக்கும்.

அதன்பிறகு கட்டையின் வலப்பக்கப் பெட்டிக்கு வாருங்கள். குண்டைச் சுற்றும் துணித்துண்டுகளை வைக்கிற பெட்டி அது. மூடியின் நுனியில் டெய்சிப் பூ இருந்தால் லான்காஸ்டர் கைவரிசை. 1740இல் மைன்ஸில் பிறந்து லான்காஸ்டரில் புகழ்பெற்ற ஜேக்கப் டிக்கர்ட் அந்த ஊர்ப் பாணியின் பெரிய பெயர்.

இந்த வேறுபாடுகளை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆசான் வெட்டிய வளைவையே சீடனும் வெட்டினான். சீடன் பெரிய வண்டிப்பாதை வழியே தெற்கே ஷெனன்டோவா, கரோலினா என்று குடிபெயர்ந்தபோது வளைவும் கூடவே போனது. போன இடத்தில் கொஞ்சம் மாறியது.

கேள்வி (ஒரு தச்சர்): கட்டையில் புலிவரி தெரிகிறதே, வரைந்ததா?

இல்லை ஐயா, மரத்தின் வரிதான். இழைகள் அலையலையாக ஓடும் மேப்பிள் மரம். நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்துப் பூசுவார்கள். காய்ந்ததும் பச்சை கலந்த அழுக்கு மஞ்சளாக, பார்க்கவே சகிக்காது. பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பை மரத்தில் படாமல் அருகே பிடித்து நகர்த்தினால், நகர்கிற இடமெல்லாம் கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். இழையின் முனை மேலே வந்து நிற்கும் இடம் அதிகம் குடித்துக் கறுக்கும்; அதுதான் வரி. கடைசியில் ஆளிவிதை எண்ணெய். முதன்முறை பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

கேள்வி (பொறியியல் மாணவி): இயந்திரம் இல்லாமல் குழலுக்குள் சுழல்காடி எப்படி?

முதலில் குழல். தேனிரும்புப் பட்டையைக் கம்பியைச் சுற்றி மடித்து, சில அங்குலம் சில அங்குலமாக உலையில் காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். துளையைக் கடைந்து சீராக்கிய பின் காடி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம். சுருள் பள்ளம் வெட்டிய நீண்ட மர உருளைதான் வழிகாட்டி. அதன் முனையில் கம்பி, கம்பியில் சிறு வெட்டுப்பல். உருளையை இழுத்தால் அது சுழன்றபடி வரும், பல் மயிரளவு சுரண்டும். ஆழம் வேண்டுமென்றால் பல்லுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் செருகுவார்கள். பெரும்பாலும் ஏழு காடிகள். ஏறத்தாழ 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விசையை மட்டும் பலர் இங்கிலாந்திலிருந்து வந்ததை வாங்கிப் பொருத்தினார்கள்.

கேள்வி: தெற்கு மலைத் துப்பாக்கிகள் இவ்வளவு எளிமையாக இருப்பது வறுமையாலா?

அப்படி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டென்னசி மலைகளில் பித்தளைக்குப் பதில் கொல்லனே அடித்த இரும்பு, பெட்டிக்குப் பதில், குண்டைச் சுற்றும் துணியில் தடவும் கொழுப்பு வைக்க ஒரு குழி. ஆனால் அங்கே துப்பாக்கி செய்த பீன் குடும்பத்தாரின் படைப்புகளின் மெலிந்த வடிவத்தைப் பாருங்கள். மறைக்க அலங்காரம் இல்லாத இடத்தில் ஒரு கோடு பிசகினாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்க விடுதலைப் போரை வென்றது இதுதானா?

இல்லை. குறி தப்பாது என்பது உண்மை. ஆனால் நிரப்ப நேரமாகும், முனையில் கத்தி பொருத்த வழியில்லை. படையின் பெரும்பகுதி குழலுக்குள் காடி இல்லாத சாதாரண மஸ்கட்டையே ஏந்தியது.

கேள்வி (பழம்பொருள் சேகரிப்பவர்): அசலை நகலிலிருந்து பிரித்தறிவது எளிதா?

கைதேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். பென்சில்வேனியாவில் மொரேவியக் கிறிஸ்தவர்கள் நடத்திய கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறையில் 1775இல் யோஹான் கிறிஸ்டியன் ஓர்ட்டர் செய்த ரைஃபிள் ஒன்று, 1971இல் வேலி ஃபோர்ஜ் காட்சிக்கூடத்திலிருந்து திருடுபோனது. 2018இல் ஒரு களஞ்சிய விற்பனையில் பழம்பொருள் வணிகர் ஒருவர் அதை 4,000 டாலருக்கு வாங்கினார், நல்ல நகல் என்று எண்ணி. வீட்டில் நிதானமாக ஆராய்ந்தபோதுதான் கையில் இருப்பது அசல் என்று புரிந்தது. 2019இல் உரியவர்களிடமே திரும்பியது.