படுக்கையில் இருப்பவருக்கு அரசு உதவி: கடலோர ஊர்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் தொண்டி முதல் மூக்கையூர் வரை பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. கடுமையான மாற்றுத்திறன் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்டவை. ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உதவி கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் திட்டம் இல்லாதது அல்ல. சான்றிதழில் எழுதப்பட்ட சொல்லும் சதவீதமும்தான் காரணம். ஆகவே பல பதில்கள் அந்தக் காகிதத்தில் போய் நிற்கும்.

பாம்பன், ஒரு தாய்: என் மகனுக்கு 9 வயசு. மூளை முடக்குவாதம். கால் ரெண்டும் இழுத்துக்கிச்சு, காதும் சரியா கேக்காது. கார்டுல 60%னு போட்டிருக்கு. 75 இருந்தாத்தான் பணம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அம்மா, அந்த 60 எதற்குக் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். அட்டையில் கை கால் பாதிப்பு மட்டும் இருந்தால், எலும்பு மருத்துவர் மட்டுமே பார்த்திருக்கிறார் என்று பொருள். காதையும் அறிவு வளர்ச்சியையும் யாரும் அளக்கவில்லை.

ஒருவருக்கு இரண்டு பாதிப்பு இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய சதவீதத்தை 90இலிருந்து கழித்து, சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய சதவீதத்தோடு கூட்ட வேண்டும். கால் 60, காது 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90இல் 60 போக 30. அதை 45ஆல் பெருக்கினால் 1,350. 90ஆல் வகுத்தால் 15. மொத்தம் 75. அதே பிள்ளைதான், அதே உடம்புதான், ஆனால் இப்போது 'கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்' பிரிவுக்குள் வந்துவிடுகிறான்.

மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். கை கால் பாதிப்பு போன்றவற்றுக்கு 75% வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, தண்டுவடக் காயம், பார்கின்சன் ஆகியவற்றுக்கு 40% போதும். உங்கள் மகனுக்கு அறிவுசார் குறைபாடும் இருந்தால் அந்த வழியிலேயே தகுதி வந்துவிடும்.

ஆகவே மறுமதிப்பீடு கேளுங்கள். மனுவில் "எலும்பு, காது, மனநலம் ஆகிய மூன்று நிபுணர்களும் பார்த்து, பல்வகைக் குறைபாடு என்று சான்று தர வேண்டும்" என்று அப்படியே எழுதுங்கள். வெறுமனே "சதவீதத்தைக் கூட்டித் தாருங்கள்" என்று கேட்டால் திரும்பவும் எலும்பு மருத்துவரிடமேதான் அனுப்புவார்கள்.

அதே தாய்: மனநல டாக்டர்கிட்ட போனா என்ன கேப்பாங்க?

அன்றாட வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள்தாம். தானே சாப்பிடுவானா, கழிப்பறைக்குச் சொல்வானா, சட்டை போடுவானா என்று கேட்பார்கள். பதில் சொல்பவர் நீங்கள். அந்தப் பதில்களிலிருந்து வரும் மதிப்பெண்ணை வைத்துத்தான் சதவீதம்: 55 முதல் 69 வரை என்றால் 50%, 36 முதல் 54 வரை 75%, 21 முதல் 35 வரை 90%, அதற்கும் கீழே 100%.

இங்கேதான் பெற்ற மனம் காரியத்தைக் கெடுக்கும். "சாப்பிடுவானே" என்று ஆசையாகச் சொல்லிவிடுவீர்கள். நீங்கள் பிசைந்து, உருட்டி, கையில் வைத்தால்தான் வாய்க்குக் கொண்டுபோவான் என்றால், அது தானே சாப்பிடுவது ஆகாது. யார் துணையும் இல்லாமல் என்ன செய்கிறான் என்பதை மட்டும் சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 10 வயது நெருங்குகிறது என்பதால் இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துக்கொள்ளலாம்.

தொண்டி, ஒரு மகள்: அம்மாவுக்குத் தாலுகா ஆபீஸ் வழியா ஊனமுற்றோர் பென்ஷன் 1,500 வருது. 2,000 ரூபாயும் சேர்த்து வாங்கலாமா?

இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பென்ஷன் வருவாய்த்துறையுடையது, பராமரிப்புத் தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையுடையது. ஆதார் எண் இரண்டையும் இணைத்துக் காட்டிவிடும், மறைத்தால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதற்காக பென்ஷனை முதலில் ரத்து செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், கையில் இருப்பதும் போய்விடும். விண்ணப்பத்திலேயே "தற்போது ஓய்வூதியம் பெறுகிறேன், ஒப்பளிப்பு ஆணை வந்ததும் அதை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கீழக்கரை, ஒரு மகன்: வாப்பாவுக்குப் பனைமரத்துலேருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு மூணு வருஷம் ஆச்சு. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்ல. உம்மா ஒரு ஆளாப் பாக்குறாங்க. வீட்டுக்கு வந்து பாக்க யாராச்சும் இருக்காங்களா?

இருக்கிறார்கள் தம்பி. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். அதிலேயே வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவதும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் "படுக்கையில் இருக்கும் நோயாளி, தண்டுவடக் காயம், சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது" என்று பெயரைப் பதியச் சொல்லுங்கள். உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொன்னாலும் போதும். பட்டியலில் பெயர் இல்லாத வீட்டுக்கு வாகனம் வராது.

உம்மாவுக்கும் ஒரு வழி உண்டு. உயர் ஆதரவு தேவைப்படுவோரை, அதாவது அன்றாட வேலைக்கே இன்னொருவரின் தீவிரத் துணை வேண்டியவரை, கவனித்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாகத் தருகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு உயர் ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கும் உரிமையைத் தருகிறது. மனுவில் ஒரு நாளின் கணக்கை எழுதுங்கள்: எத்தனை முறை புரட்டிப் போடுகிறார்கள், குழாயை யார் சுத்தம் செய்கிறார்கள், மலம் எடுப்பது யார், இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது. "மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்ற வரியைவிட இந்தக் கணக்கு பேசும்.

படுக்கைப் புண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிரைப் பறிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. உணர்வு இல்லாததால் அவருக்கு வலி தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும் இதை விடக் கூடாது. கரண்ட் போனால் மெத்தை இறங்கி உடம்பு பலகையில் படும். இடுப்பெலும்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், ஒரு அங்குலம் காற்று இருக்க வேண்டும். நம் கடற்கரையின் புழுக்கத்தில் ரெக்சின் விரிப்பு வியர்வையைத் தேக்கும், அதன் மேல் பருத்தித் துணி போடுங்கள். தோலில் சிவந்த இடம், அழுத்தத்தை எடுத்து அரை மணி நேரம் ஆகியும் மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுக்கவே வைக்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். தேய்த்துவிடக் கூடாது.

இன்னொன்று. காயம் நடுநெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ என்றால், திடீரென்று தலைவலி மண்டையைப் பிளக்க, முகம் சிவந்து வியர்த்தால் உட்கார வைத்துக் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் அடைத்து ரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறி அது. குழாயைச் சரி செய்தும் அடங்கவில்லை என்றால் 108.

தங்கச்சிமடம், ஒரு அண்ணன்: தங்கச்சிக்கு வீல் சேர் கொடுத்தாங்க. மணல்ல ஒரு அடி நகரல. ஆறு மாசத்துல துருவும் பிடிச்சிருச்சு.

மருத்துவமனை வழவழத் தரைக்குச் செய்த நாற்காலி அது. முன்சக்கரம் சின்னது, மணலில் புதையும். அடுத்த முறை அகலமான டயரும் பெரிய முன்சக்கரமும் உள்ளதைக் கேளுங்கள், அல்லது கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டியைக் கேளுங்கள். முகாமில் அளவு எடுக்காமல் கொடுத்தால் வாங்காதீர்கள். உட்கார்ந்தால் இடுப்பின் இருபுறமும் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். அதைவிட அகலம் என்றால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகு கோணும். இப்போதைக்கு மணலில் முன்னால் தள்ளாமல், திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள்.

உப்புக்காற்றுக்கு ஒரே மருந்து நல்ல தண்ணீர். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, அச்சிலும் முன்சக்கரக் கழுத்திலும் கிரீஸ் வையுங்கள். மின்கல வண்டி என்றால் ஓட்டாத நாட்களிலும் சார்ஜ் இறங்கிப்போக விடக் கூடாது.

வாசல் சரிவுப் பாதைக்குக் கணக்கு 12க்கு 1. படி ஒன்றரை அடி உயரம் என்றால் சரிவு 18 அடி நீளம். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் தள்ளுபவரின் முதுகு போய்விடும். இரண்டாக மடக்கி, நடுவில் திரும்ப இடம் விட்டுப் போடலாம்.

ஏர்வாடி, ஒரு தம்பி: அண்ணனுக்கு மனநோய். சத்தம் போடுறார், ஓடிப்போறார்னு கட்டி வைக்கச் சொல்றாங்க.

கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இதே ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியோடு கருகிப்போனார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 95ஆம் பிரிவு, சங்கிலியில் கட்டுவதை எந்த வகையிலும் தடை செய்கிறது. தர்காவில் பிரார்த்தனைக்குப் போகலாம். அங்கேயே அரசு மனநல மருத்துவரையும் பார்த்து மாத்திரையும் வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. 'தவா, துவா' என்று சொல்வது அதைத்தான். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை. மனநோயும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் ஒன்று, அடையாள அட்டை வாங்கலாம். அண்ணன் ஓடிப்போவது பெரும்பாலும் மாத்திரை நின்ற சில வாரங்களில்தான் நடக்கும். மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள்.

தேவிபட்டினம், ஒரு தந்தை: மகளுக்கு 18 முடிஞ்சிருச்சு, ஆட்டிசம். பேங்க்ல இனிமே நீங்க கையெழுத்துப் போட முடியாதுங்கிறாங்க.

வங்கி சொல்வது சரிதான். 18 வயதானால் பெற்றவரே ஆனாலும் தானாகப் பாதுகாவலர் ஆக மாட்டார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் 'ஏ' படிவத்தில் விண்ணப்பித்தால் சட்டப்படியான பாதுகாவலர் சான்று தருவார்கள். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டிலும் சேருங்கள், ஆண்டுக்கு 1 லட்சம் வரை. முன்பரிசோதனை கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் சேர 250 ரூபாய், மற்றவர்க்கு 500. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் போய்விடும்.

ராமேசுவரம், ஒரு தாய்: பிள்ளைக்கு விரல் மடங்கியே இருக்கு. ஆதார்ல ரேகை விழல.

ரேகை விழாதவர்க்குக் கண்விழிப் பதிவு. அதுவும் முடியாவிட்டால் விதிவிலக்குப் பதிவு என்றே ஒரு முறை இருக்கிறது. மையத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

அதே தாய்: மதுரைக்கு ரயில்ல போக சலுகை உண்டா?

உண்டு. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மண்டபம் வரை தூக்கிப்போக வேண்டிய பாடு இல்லை. படுக்கை வசதிப் பெட்டியில் உங்களுக்கும் பிள்ளைக்கும் 75% கழிவு. ரயில்வே படிவத்தில் "துணையின்றிப் பயணிக்க இயலாதவர்" என்ற வரியை அரசு மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும், அது விடுபட்டால் துணைக்கு வருபவருக்குக் கிடைக்காது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட்டே இல்லை.

பெரியபட்டினம், ஒரு அக்கா: நடக்கவே முடியாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல எப்படிச் சேக்குறது?

பக்கத்துப் பள்ளியில் பெயரைச் சேருங்கள், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். வந்த தேதியை ஒரு நோட்டில் குறித்துக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.

மூக்கையூர், ஒரு மீனவர்: புயல் சமயத்துல அப்பாவைத் தூக்கிட்டு ஓட முடியாது. யார்கிட்ட சொல்லணும்?

ஐப்பசி பிறக்கும் முன்பே வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள் அண்ணே: பெயர், வீடு இருக்கும் இடம், ஸ்ட்ரெச்சர் வேண்டும், தூக்க நான்கு பேர் வேண்டும் என்று. பேரிடரில் மாற்றுத்திறனாளிக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு. 2024 நவம்பரில் ராமேசுவரம் தீவில் கொட்டிய மழையைப் பார்த்தோம், தண்ணீர் வீட்டுக்குள் வர சில மணி நேரம் போதும். எச்சரிக்கைக் கூண்டு ஏறியதுமே நகர்த்திவிடுங்கள், கரண்ட் போகும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பாலிதீன் பையில் அட்டை நகல், ஏழு நாள் மருந்து, இரண்டு சிறுநீர்க் குழாய், பழைய வேட்டி நான்கு, ஒரு டார்ச். புயல் மையத்தில் தரையில் படுக்க வைத்தால் புண் வரும். வீட்டுப் பஞ்சு மெத்தையையும் சுருட்டி எடுத்துப்போங்கள்.