மீன் தொட்டிக் கண்ணாடியில் உப்புக்கறை: கேள்வி பதில்

கேள்வி: தொட்டியில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைப் பட்டை ஒன்று படிந்துள்ளது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் தேய்த்துக்கொண்டிருப்பது சுண்ணாம்புக் கல்லின் மெல்லிய அடுக்கு. கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கின்றன. நீர் ஆவியாகிக் கரியமில வாயுவும் வெளியேறும்போது அவை எளிதில் கரையாத கார்பனேட்டாக மாறிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கின்றன. நீர்மட்டம் சிறிது இறங்குவதும் நாம் மீண்டும் நிரப்புவதுமாக இருக்கும் இடத்தில் இது அடுக்கடுக்காகச் சேர்வதால்தான் அங்கே பட்டையாகத் தெரிகிறது. சோப்பு எண்ணெய்ப் பசையை நீக்குமே தவிரக் கார்பனேட்டைக் கரைக்காது. அதன் மிச்சம் மீன்களின் செவுள்களுக்கும் கேடு. எனவே தொட்டிக்குள் சோப்பையும், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் அறவே தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளை வினிகரைத் தெளித்துத் துடைத்தேன். மெல்லிய கறை போயிற்று. தடித்தது அப்படியே இருக்கிறது. இன்னும் வீரியமான அமிலம் வேண்டுமா?

பதில்: வேண்டியது வீரியமன்று, அவகாசம். கடையில் கிடைக்கும் வினிகரில் ஏறத்தாழ 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது; இந்த வேலைக்கு அது போதும். ஆனால் செங்குத்தான கண்ணாடியில் தெளித்த வினிகர் சில நொடிகளில் வழிந்து இறங்கிவிடுவதால், கறையைக் கரைக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. டிஷ்யூ தாளை வினிகரில் நனைத்துக் கறையின் மீது ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விடுங்கள். தாள் உலர்ந்தால் மீண்டும் நனையுங்கள். தொட்டி காலியாக இருந்தால், கறை படிந்த பக்கம் கீழே வருமாறு படுக்க வைத்து, அதன் மீது வினிகரை ஊற்றித் தேக்குவது இன்னும் எளிது. வினிகரின் வாடை பிடிக்காதவர்கள் ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 30 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து பயன்படுத்தலாம். விரைவாக வேலை நடக்கும் என்று எண்ணி அதைச் சுடவைக்க வேண்டாம். சூட்டில் கால்சியம் சிட்ரேட் குறைவாகவே கரையும் என்பதால் பழைய கறையின் இடத்தில் புதிய வெண்படிவு வந்து உட்காரக்கூடும்.

கேள்வி: மீன்களை வெளியே எடுக்காமல் செய்ய முடியுமா?

பதில்: முடியும். முதலில் ஹீட்டரை அணைத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது நீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடிக்கலாம். ஃபில்டரையும் நிறுத்திவிட்டு, கறைக்குச் சில அங்குலம் கீழே வரை நீரை இறக்குங்கள். வினிகரைத் தொட்டிக்குள் தெளிக்காமல், பிழிந்தெடுத்த துணியில் மட்டும் தொட்டு ஒற்றுங்கள். பின்னர் நீரில் நனைத்த வேறு துணியால் இரண்டு மூன்று முறை துடைத்துவிட்டு, மறுபடி நீர் நிரப்பலாம். ஓரிரு துளிகள் விழுந்தால் பெரிய தொட்டியில் ஒன்றும் ஆகாது. நிறைய விழுந்தால் அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் கார்பனேட் கடினத்தன்மை செலவாகி அமிலத்தன்மை திடீரென மாறும். அசிட்டிக் அமிலத்தை உண்டு பாக்டீரியா பெருகுவதால் நீரும் கலங்கும். சின்னஞ்சிறு தொட்டியாக இருந்தால் மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: பிளேடால் சுரண்டலாமா?

பதில்: கண்ணாடியென்றால் சுரண்டலாம், அது கறையில் உள்ள கால்சைட்டைவிட (படிகமான கால்சியம் கார்பனேட்) கடினமானது. பிளேடு புதிதாகவும், கண்ணாடி ஈரமாகவும், கோணம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். இடையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கீறல் விழும். மூலைகளில் உள்ள சிலிகான் ஒட்டின் அருகே பிளேடைக் கொண்டுபோகவே கூடாது. தொட்டி அக்ரிலிக்கால் ஆனதென்றால் பிளேடு, எஃகு நார், பச்சை நிற ஸ்க்ரப்பர் ஆகிய மூன்றுக்கும் இடமில்லை. ஊறவைத்து மென்மையான துணியால் துடைப்பது ஒன்றே வழி.

கேள்வி: கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலத்தையோ பிளீச்சையோ பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பிளீச் கார்பனேட்டைக் கரைப்பதில்லை. எந்த அமிலத்துடன் அது கலந்தாலும் நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: பலமுறை ஊறவைத்த பிறகும் ஒரு மங்கல் மிஞ்சியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அதன் மேல் ஒரு துளி வினிகரை விட்டுப் பாருங்கள். நுண்ணிய குமிழ்கள் எழுந்தால் கார்பனேட் இன்னும் இருக்கிறது என்று பொருள், தொடர்ந்து ஊறவையுங்கள். குமிழ் எழாமல், நனைந்தபோது மறைந்து உலர்ந்ததும் தோன்றும் மங்கலாக இருந்தால், கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்க அல்லது நுண்கீறல்கள் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். காலியான தொட்டியில் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத்தூள் கொண்டு மெருகேற்றிப் பார்க்கலாம். நீர் நிறைந்தால் கண்ணில் படாத மங்கலுக்காக அத்தனை பாடுபட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: திரும்ப வராமல் தடுப்பது எப்படி?

பதில்: ஆவியாகிக் குறைந்த அளவை மட்டும் ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யுங்கள், ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குழாய் நீரையே ஊற்றிவந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். வழக்கமான நீர் மாற்றத்தை இதற்காக நிறுத்திவிட வேண்டாம். மூடி போட்டால் ஆவியாவதும் நீர் தெறிப்பதும் குறையும். வாரம் ஒருமுறை நீர்மட்டக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டால், படிவு இறுகும் முன்பே போய்விடும்.