பானை ஓட்டுக்கும் எலும்புக்கும் தொல்லியலாளர்கள் எப்படி வயது சொல்கிறார்கள்? எல்லாம் ஊகம்தானே?

கீழடி அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடிக்குள் ஓர் உடைந்த ஓடு, பக்கத்தில் நூற்றாண்டு போட்ட அட்டை. யாரோ பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியிருக்கும். "எல்லாம் ஊகம்தானே" என்று நீங்கள் முடித்திருப்பதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது.

நான் தொல்லியல் அதிகாரி இல்லை. வரலாறு முதுகலை முடித்த கையோடு, திருப்புவனம் பக்கம் நடந்த அகழாய்வில் பானை ஓடு பிரிக்கிற வேலைக்குப் போனவள். குழியில் நடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் நடப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

நேரான பதில் இது: ஓட்டை மட்டும் பார்த்து யாரும் வயதை முடிவு செய்வதில்லை. அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதெதோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் சொல்கிறார்கள். பொருளைவிட அது கிடந்த இடம் முக்கியம்.

அதனால்தான் குழியை ஒரேயடியாக வெட்டுவதில்லை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் போட்டு, அதை நாலாகப் பிரித்து, நடுவில் வரப்பு விட்டு, கொத்துக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இறங்குவார்கள். அந்த வரப்பின் பக்கச் சுவரில் மண்ணடுக்குகள் தெரியும். வண்டல், சாம்பல், செங்கல் தூள் கலந்த மண் என்று நிறம் மாறுகிற இடத்திலெல்லாம் கோடு கீறிச் சீட்டுக் குத்துவார்கள். கீழே இருப்பது முந்தையது, மேலே இருப்பது பிந்தையது. ஆனால் பிற்காலத்தில் எவராவது குப்பைக்குழி தோண்டியிருந்தால் மேல்மண் கீழே போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்ப்பார்கள். ஈரம் பட்டால் நிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஓடுகள் கூடை கூடையாக எங்களிடம் வரும். ஒவ்வொரு கூடையிலும் குழி எண், அடுக்கு, ஆழம், தேதி எழுதிய சீட்டு இருக்கும். கழுவி, நிழலில் காயவைத்து, தரையில் கட்டம் போட்டுப் பரப்புவோம். வாய்விளிம்பு ஒரு பக்கம், வயிற்றுப் பகுதி ஒரு பக்கம், அடிப்பாகம் ஒரு பக்கம். கீறல் இருக்கிற ஓடு வந்தால் எல்லோரும் கூடிவிடுவோம். ஈரப்பானையில் கீறியிருந்தால் கோட்டின் ஓரத்தில் மண் மெத்தென்று ஒதுங்கி நிற்கும். சுட்ட பிறகு கீறியிருந்தால் ஓரம் பொரிந்து, சொரசொரவென்று இருக்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். கீழடி பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56 சொல்லப்பட்டன. ஆதன், குவிரன் என்று பெயர்கள். அப்படி ஓர் ஓடு கையில் வரும்போது வருகிற சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

எந்த வகை ஓடு என்பதும் காலம் சொல்லும், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கருப்பு சிவப்பு ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப்படாத உள்பக்கமும் வாயும் கறுத்திருக்கும், வெளிப்பக்கம் சிவந்திருக்கும். இந்த வகை நம் பக்கத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நூற்றாண்டு சொல்ல முடியாது. கூடவே காலம் தெரிந்த ஒன்று கிடைக்க வேண்டும். 1945-இல் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் அப்படித்தான் செய்தார். இத்தாலியில் எப்போது செய்யப்பட்டவை என்று ஏற்கெனவே தெரிந்த அரெட்டைன் வகை ஓடுகள் அங்கே கிடைத்தன. அதே அடுக்கில் கிடந்த நம்மூர் ஓடுகளுக்கும் அதைக் கொண்டு காலம் கிடைத்தது.

எதுவும் கிடைக்காவிட்டால் கரித்துண்டு. உயிரோடு இருக்கும்வரை மரமும் நெல்லும் கார்பன் 14 என்கிற, தானாகச் சிதையும் கரியணுவைக் காற்றிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு அது குறைய ஆரம்பிக்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சத்தை அளந்து, மர வளையங்களைக் கொண்டு போட்ட திருத்த அட்டவணையோடு சரிபார்க்கிறார்கள். கீழடியிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு ஆறு மாதிரிகள் போயின. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்கு கி.மு. 580 என்று வந்தது. கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்தத் திருத்த அட்டவணையைக் கோடாக வரைந்தால் ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது, அதாவது வேறு வேறு ஆண்டுகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும். அதனால் உலகத்தில் எந்த ஊர் மாதிரியாக இருந்தாலும் அந்தக் காலத்துக்கு விடை அகலமான வீச்சாகத்தான் வரும். 580 என்பதைக் கல்யாண முகூர்த்தம் போலப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அந்த நூற்றாண்டை ஒட்டியது என்று கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் "நீ யார் பக்கம்" என்று வந்துவிடுவார்கள். நான் கீழடி மண்ணில் வேலை பார்த்தவள், அதன் பெருமை எனக்கும் உண்டு. வீச்சு அகலம் என்று சொல்வது பொய் என்று சொல்வதாகாது.

சரி, இடம்தான் முக்கியம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் பெரியப்பா தோப்பில் நடந்தது அப்படி. வைகைக் கரையை ஒட்டிய தென்னந்தோப்பு. தொட்டி கட்ட ஜேசிபி விட்டபோது இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய பானை, ஒரு முதுமக்கள் தாழி, உடைந்து வந்தது. நான் விஷயம் தெரிந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே இருந்த கருப்பு சிவப்புக் கிண்ணத்தைப் பெரியம்மா புளி போட்டு விளக்கி, சாமி அலமாரியில் வைத்திருந்தார். ஓர் இரும்புத் துண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். எலும்பு வீட்டுக்கு ஆகாது என்று கண்மாயில் கொட்டிவிட்டார்கள்.

"ஏத்தா, நீ இந்தப் படிப்புதான படிச்ச. இது எத்தன வருசம்னு பாத்துச் சொல்லு" என்றார் பெரியப்பா.

"எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு பெரியப்பா? கூட என்ன இருந்துச்சு?"

"அதெல்லாம் யாரு பாத்தா? பக்கெட்ல மண்ணோட வந்துச்சு."

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கருப்பு சிவப்பு என்று சொல்லலாம், அவ்வளவுதான். கிண்ணத்துக்குள் படிந்த மண்ணில் நெல் கிடந்திருக்கலாம். பழனி பக்கம் பொருந்தலில் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 என்று வந்தது. அதுபோல ஒரு கைப்பிடி இருந்திருந்தாலும் புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

எலும்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஒரு வளைவு உண்டு. பெண்ணுக்கு அகலமாகவும் ஆணுக்குக் குறுகலாகவும் இருக்கும். பல் முளைத்த வரிசையும் தேய்மானமும் வயதைக் காட்டும். கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனை இருபதுகளின் கடைசியில்தான் ஒட்டும். அது ஒட்டவில்லை என்றால் இளம்வயதில் போன ஆள். தொடை எலும்பின் நீளத்தில் உயரத்தைக் கணக்கிடுவார்கள். காதுக்குப் பின்னால் உள்ளே இருக்கிற கெட்டி எலும்பிலும் பல்லிலும்தான் மரபணு தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். நம்மூர் வெயிலில் மற்ற இடத்தில் அநேகமாகச் சிதைந்துவிடும். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் எடுத்த தாழிகளில் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எலும்பை எடுப்பதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். எடுப்பவருடைய மரபணு அதில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அங்கே கிடைத்த மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கி 2025-இல் வெளியிட்டார்கள். எங்கள் தோப்பில் இருந்தவர் ஆணா பெண்ணா என்றுகூட இனிமேல் யாருக்கும் தெரியாது.

பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்லிக்கொடுக்க வேண்டிய வரலாற்று ஆசிரியர்கள் நிலைமை என்ன தெரியுமா? நான் இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் மாசாமாசம் வராது. கோடை விடுமுறைக்குச் சம்பளமே கிடையாது. வரலாறு படித்து என்ன பண்ணப் போகிறாய் என்று பெற்றோரே பிள்ளையைத் தடுத்து, சேர்ந்த பிள்ளையும் பாதியில் வேறு பாடத்துக்கு மாறிப் போகிறது. பெருமை பேச ஊரே வருகிறது. பாடம் எடுக்கிறவளுக்குப் பேருந்துக் காசுக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் நிலத்திலோ தெரிந்தவர் நிலத்திலோ தாழியோ ஓடோ தென்பட்டால் இயந்திரத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். எதையும் எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம், உள்ளே இருக்கிற மண்ணைக் கொட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு செருப்போ பேனாவோ வைத்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்துதான் பலபேர் மூடிவிடுகிறார்கள். சொன்ன மாத்திரத்தில் நிலம் கைமாறிவிடாது. எங்கள் தோப்பின் கீழ்க்கோடியில் இன்னொரு தாழியின் விளிம்பு தெரிகிறது. அதைச் சொல்லியிருக்கிறோம். தோப்பு பெரியப்பா பெயரில்தான் இருக்கிறது.