செஸ்னா விற்பனைக்கு: விளம்பரத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: அமெரிக்காவில் டாலஸ் பக்கம் வசிக்கிறேன். 1975ஆம் ஆண்டு செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று சொந்தமாக இருக்கிறது. இன்ஜினை ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தல்) செய்தபின் 1,450 மணி நேரம் ஓடியிருக்கிறது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் காலத்தில், தரையிறங்கும்போது முன்சக்கரம் பலமாக மோதிப் பழுதுபார்த்திருக்கிறார்கள். இதை விளம்பரத்தில் போட்டால் விலை விழும், கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்கிறார் பக்கத்து ஹேங்கரில் (விமானக் கொட்டகை) விமானம் வைத்திருப்பவர். சரிதானா?

பதில்: விலை கொஞ்சம் விழத்தான் செய்யும். இருந்தாலும் எழுதிவிடுங்கள். உங்கள் விமானத்தின் பதிவு எண்ணைக் கொடுத்து, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) பதிவகத்திலிருந்து அதன் முழுக் கோப்பையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பெரிய பழுது என்றால், அதைச் சரிசெய்ததைப் பதியும் படிவம் 337 அதில் இருக்கும். போதாததற்கு, செஸ்னா 172-இல் முன்சக்கர அடி எங்கே தெரியும் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் அத்துப்படி: இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தீத்தடுப்புச் சுவரில் சுருக்கம் விழும். வாங்குபவரின் மெக்கானிக் மேல்மூடியைத் திறந்ததும் டார்ச் அடிப்பது அங்கேதான். அவர் கண்டுபிடித்த பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். பேரமும் வாங்குபவர் கைக்குப் போய்விடும். “இன்ன ஆண்டில் முன்சக்கரச் சேதம், முறையாகச் சரிசெய்யப்பட்டது, படிவம் 337 உண்டு” என்று ஒரே வரி போதும்.

இன்ஜின் விஷயத்திலும் அப்படியே. உங்கள் மாடலில் லைகமிங் ஓ-320 இருக்கும். அதற்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம். கணக்குப்படி 550 மணி மிச்சம். ஆனால் லைகமிங் 12 ஆண்டு என்று ஒரு காலக்கெடுவும் வைத்திருக்கிறது. சொந்த உபயோக விமானத்துக்கு இவை சட்டக் கட்டாயம் இல்லை என்றாலும், விவரம் தெரிந்தவர் ஓவர்ஹால் எந்த வருடம் என்றுதான் முதலில் கேட்பார். மாதக்கணக்கில் ஓடாமல் ஹேங்கரில் நின்ற இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் துருப்பிடிக்கும். அதனால் ஓவர்ஹால் ஆண்டு, கடந்த 12 மாதத்தில் பறந்த மணி, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (அழுத்தம் தாங்கும்) அளவு ஆகியவற்றைப் போடுங்கள். 80-க்கு 74, 76 என்ற எண்கள் “அருமையான இன்ஜின்” என்பதைவிட நன்றாகப் பேசும்.

தொடக்கம் முதல் எல்லா லாக்புக்குகளும் (பறந்த மணி, பராமரிப்பு பதியும் ஏடுகள்) இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஒன்று தொலைந்திருந்தாலும் விலை நன்றாகவே அடிபடும். 2020 ஜனவரி முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்க, விமானம் இருக்கும் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம். டாலஸ் வட்டாரத்தில் அது இல்லாத விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருந்தால் எழுதுங்கள். “வருடாந்தச் சோதனை இப்போதுதான் முடிந்தது” என்பதைப் பெரிதாக விளம்பரப்படுத்த வேண்டாம். விற்பதற்காகவே செய்த சோதனை என்று சந்தேகப்படுவார்கள், அதுவும் பாதி நேரம் நியாயமான சந்தேகம்தான்.

விலையை மற்ற விளம்பரங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவை கேட்கும் விலை. கிடைத்த விலை அல்ல.

கேள்வி: அலுவலக நண்பர் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். பைலட் உரிமம் வைத்திருக்கிறார், ஆனால் எச்1பி விசாவில் இருக்கிறார். பிரச்சினை வருமா?

பதில்: வரும். நம்மவர்கள் பலர் முன்பணம் கொடுத்தபிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பறக்க உரிமம் பெறக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் அமெரிக்கப் பதிவு எண் கொண்ட விமானத்தைத் தனிநபர் தன் பெயரில் பதிய, அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருக்க வேண்டும். எச்1பி போதாது. இவர்களுக்காக அறக்கட்டளை பெயரில் பதியும் வழி இருக்கிறது. அதற்குச் செலவும் விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரும் வேண்டும். நண்பர் அதை முடிக்கும்வரை விளம்பரத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கக் கேட்பவர்களை என்ன செய்வது? பணம் எப்படி வாங்குவது?

பதில்: ஓசிச் சவாரிக்கு வருகிறவர்கள் நிறைய. விலை பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, முன்பணம் மூன்றாம் நபர் எஸ்க்ரோ கணக்கில் (விற்பனை முடியும்வரை பணத்தைப் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு) சேர்ந்த பிறகு கூட்டிப் போங்கள். விமானத்தின் பொறுப்பு பைலட் நீங்களாகவே இருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை வாங்குபவரே தேர்ந்தெடுக்கட்டும், கூலியையும் அவரே கொடுக்கட்டும்.

சொன்ன விலைக்கு மேல் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பிக் கேட்பவர் மோசடிக்காரர். வங்கிக் காசோலை என்றாலும் நம்பாதீர்கள், போலி வருகிறது. எஸ்க்ரோவில் முழுப்பணமும் வந்துசேர்ந்ததை உறுதி செய்துகொண்டு விற்பனைப் பத்திரத்தைக் கொடுங்கள். பிறகு பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்தை நிரப்பி, 21 நாளுக்குள் எஃப்ஏஏ பதிவகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். புது ஆள் எங்காவது இடித்துவைத்தால், பதிவேட்டில் இன்னும் உங்கள் பெயர் இருக்கிறதே என்று வக்கீல் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.