அகதா கிறிஸ்டியின் நாவல் ஒன்றை உளவுத்துறை விசாரித்தது உண்மையா?

உண்மைதான். 1941-இல் வந்த 'என் ஆர் எம்?' (N or M?) என்ற நாவல் அது. பிரிட்டிஷ் உளவாளி ஒருவர் கொல்லப்படுகிறார். சாகும்போது அவர் சொன்ன சில சொற்களை வைத்துக்கொண்டு டாமி, டப்பன்ஸ் தம்பதி கடலோர விடுதி ஒன்றில் ஜெர்மன் ஒற்றர்களைத் தேடுகிறார்கள்.

கதையால் பிரச்சினை இல்லை, ஒரு பெயரால்தான். விடுதியில் தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரரின் பெயர் மேஜர் பிளெட்ச்லி. அப்போது ஜெர்மன் ராணுவத்தின் எனிக்மா சங்கேதங்களை உடைக்கும் வேலை இங்கிலாந்தின் பிளெட்ச்லி ஊரிலிருந்த பிளெட்ச்லி பார்க்கில்தான் பரம ரகசியமாக நடந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, அங்கே வேலை பார்த்த சங்கேத நிபுணர் டில்லி நாக்ஸ் கிறிஸ்டியின் நண்பர். பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-க்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

நேரடியாக விசாரித்தால் அந்த இடம் முக்கியமானது என்று அவர்களே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். அதனால் நாக்ஸே பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தார். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டன் வரும் வழியில் ரயில் பிளெட்ச்லியில் நின்றுபோன கடுப்பில், தனக்குப் பிடிக்காத பாத்திரத்துக்கு அந்த ஊர்ப் பெயரை வைத்துப் பழிதீர்த்துக்கொண்டதாக கிறிஸ்டி சொன்னாராம். விவகாரம் அத்தோடு முடிந்தது. (பாவம், மேஜர்!)

பிளெட்ச்லியில் நடந்தது வெளியுலகுக்குப் பரவலாகத் தெரியவந்ததே 1974-க்குப் பிறகுதான்.