மாப்பிள்ளை முகம் வெளுத்துப் போகுது!

கேள்வி: பாலக்கோட்டில் சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன், சிஸ்டத்தில் இருப்பது போட்டோஷாப் சிஎஸ்3. டிசைன் செய்து தருகிற தம்பி ஓசூரில் இருக்கிறார், அவரிடம் புது வெர்ஷன். அவர் அனுப்பும் பிஎஸ்டியை (போட்டோஷாப்பின் சொந்த ஃபைல்) திறந்தால் 'அன்னோன் டேட்டா' என்று ஏதோ எச்சரிக்கை வருகிறது. 'கீப் லேயர்ஸ்' (படத்தின் அடுக்குகளை அப்படியே வை) கொடுத்தால் மாப்பிள்ளை, பெண் முகமெல்லாம் வெளுத்துப் போகிறது, தலைப்புக்குக் கீழே இருந்த நிழலையும் காணோம். பெயரைத் திருத்தப் போனால் தமிழே உடைகிறது. கேட்டால், "எங்கிட்ட நல்லாத்தானே இருக்குண்ணா" என்கிறார். யார் மேல் தப்பு?
(பெயர் வேண்டாம், பாலக்கோடு)

பதில்: ரெண்டு பேர் மேலும் இல்லை, ஃபைலும் கெட்டுப்போகவில்லை. பிஎஸ்டி ஃபைலின் தொடக்கத்தில் ஒரு வெர்ஷன் எண் இருக்கும், அது அன்றைக்கும் 1, இன்றைக்கும் 1. அதனால் உங்கள் சிஎஸ்3 அதை மறிக்காமல் திறந்துவிடுகிறது. கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் பழைய வெர்ஷன் புது ஃபைலைத் திறக்கவே திறக்காது, எரிச்சலாக இருந்தாலும் விஷயம் உடனே தெரிந்துவிடும். சேமிக்கும்போதே எந்த வெர்ஷனுக்கு என்று தேர்ந்தெடுக்கவும் அங்கே வழி உண்டு. பிஎஸ்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. போட்டோஷாப் திறக்கும், தனக்குத் தெரியாததை மட்டும் ஓரமாகத் தள்ளிவிடும்.

சிஎஸ்3 வந்தது 2007-இல். வைப்ரன்ஸ் என்கிற கலர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 2008-இல் சிஎஸ்4 உடன்தான் வந்தது. தம்பி முகத்துக்கு அதைத்தான் ஏற்றியிருப்பார், உங்கள் பக்கம் அந்த லேயர் புரியாமல் கலர் இறங்கியிருக்கும். நிழலும் அதே கதைதான்: பல லேயரைச் சேர்த்து குரூப்பாக்கி, அந்த குரூப்புக்கே நிழல் கொடுக்கும் வசதி 2012-இல் சிஎஸ்6 உடன்தான் வந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கீப் லேயர்ஸ் கொடுத்துத் திறந்த ஃபைலில் கன்ட்ரோல்-எஸ் மட்டும் அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் ஓரமாகத் தள்ளியதெல்லாம் ஒரேயடியாகப் போய்விடும், அப்புறம் ஓசூருக்கே திருப்பி அனுப்பினாலும் வராது. எப்போதும் வேறு பெயரில் சேமியுங்கள்.

'ஃப்ளாட்டன்' கொடுத்தால் லேயர் போகும், ஆனால் படம் அவர் பார்த்த மாதிரியே வரும். அதற்கு அந்த முழுப் படமும் ஃபைலுக்குள் இருக்க வேண்டுமே! அவரை எடிட், பிரிஃபரன்சஸ், ஃபைல் ஹேண்ட்லிங் போய் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை 'ஆல்வேஸ்' என்று வைக்கச் சொல்லுங்கள். ஃபைல் வீங்கும், அனுப்ப நேரமாகிறது என்று முணுமுணுப்பார், விடாதீர்கள். இது இல்லாத ஃபைலை வேறு சில மென்பொருளில் திறந்தால் படத்துக்குப் பதில் வெள்ளைப் பின்னணியில் ஒரே அறிவிப்பு பல மொழிகளில் வரிசையாக நிற்கும். வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள்.

தமிழ் உடைவது வேறு விவகாரம். அவர் யூனிகோட் ஃபான்ட் போட்டிருக்கிறார், சிஎஸ்3-க்கு அதைக் கோக்கத் தெரியாது. 'பெருமாள்' என்று அடித்தால் 'ப' முதலில் நிற்கும், கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். தொடாத வரை சரியாகத்தான் தெரியும், டைப் டூலால் உள்ளே போய்த் திருத்தினால் குலைந்துவிடும். எழுத்தை 'கன்வர்ட் டு ஷேப்' செய்து ஒரு பிரதி வாங்குங்கள், பெரிதாக்கினாலும் ஓரம் மங்காது. பெயரை நீங்களே மாற்றியாக வேண்டும் என்றால் கடையில் இருக்கும் பழைய, யூனிகோட் அல்லாத தமிழ் ஃபான்டிலேயே அடித்துக்கொள்ளுங்கள். பிரின்ட் மட்டும்தான் வேலை என்றால் லேயர் எதற்கு? ஃப்ளாட்டாக்கிய டிஃப் ஃபைலைக் கேட்டு வாங்கினால் பாதித் தலைவலி போய்விடும்.

கேள்வி: ஒகேனக்கல் ஆடிப்பெருக்குக்கு 40 அடி நீள பேனர், 72 ரெசல்யூஷனில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) செய்தேன். பிஎஸ்டியாகச் சேமிக்கவே மாட்டேன் என்கிறது. ரேம் போதவில்லையா?
(ஒரு வாசகர், பென்னாகரம்)

பதில்: ரேமைத் திட்டாதீர்கள். 40 அடி என்றால் 480 அங்குலம், 72-ஆல் பெருக்கினால் 34,560 பிக்சல். பிஎஸ்டி 30,000 பிக்சலோடு நின்றுவிடும். பிஎஸ்பி என்ற பெரிய வகை 3 லட்சம் வரை தாங்கும், ஆனால் அது 2003-இல் சிஎஸ் உடன் வந்தது, பிரின்ட் போடும் இடத்தில் இன்னும் போட்டோஷாப் 7 ஓடினால் திறக்காது. பேசாமல் ரெசல்யூஷனை 36 ஆக்குங்கள். பஸ்ஸில் போகிறவர் பிக்சலை எண்ணப் போவதில்லை.

கேள்வி: காசு கொடுக்காமல் பிஎஸ்டி திறக்க வழி உண்டா?
(கல்லூரி மாணவி, ஊத்தங்கரை)

பதில்: உண்டு. பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலப் படத்தைத் தனக்குள் வைத்திருக்கும் லேயர்) உள்பட பெரும்பாலானதைச் சரியாகப் படிக்கும். ஜிம்ப் என்கிற இலவச மென்பொருளும் திறக்கும், ஆனால் 2.10-இல் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் சாதாரணப் படமாகிவிடும். ஜிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் ஃபைலிலும் இதே வெர்ஷன் தொல்லை உண்டு: 2.10-இல் 16 பிட்டில் (நிற நுணுக்கம் கூடிய வகை) சேமித்ததைக் கல்லூரி லேபில் இருக்கும் 2.8 திறக்காது. சேமிக்கும் பெட்டியிலேயே அதைப் பற்றி ஒரு குறிப்பு வரும், படித்துவிட்டு ஓகே கொடுங்கள்.